தண்டர்பேர்டு சண்டித்தனம் செய்யும்போது: மின்னஞ்சல், செய்திக்குழு மென்பொருள் பிழைகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் சிறு அலுவலகம் நடத்துபவர்கள் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் அது இலவசம் என்பதுதான். ஒருமுறை நிறுவிவிட்டால் பல ஆண்டுகளுக்கு யாரும் அதைத் தொட வேண்டியதில்லை என்பது இரண்டாவது காரணம். வண்ணார்பேட்டை ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்த நோட்டீசுகளும், அச்சகம் ஒன்றின் மெய்ப்புகளும், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வெளியூர் ஆய்வாளர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தும் அதற்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். பிறகு ஒருநாள் காலையில் இன்பாக்ஸ் வெறுமையாகத் திறக்கும். "தம்பி, மெயிலு பூராவும் போச்சுல்லா" என்று அழைப்பு வரும்.

மடல்கள் உண்மையிலேயே தொலைவது அரிது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. பெரும்பாலான நேரங்களில் மடல்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் துணைக்கோப்புதான் கெட்டிருக்கிறது. இழப்பு நேர்வது அதற்குப் பிறகு, பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களால். கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது, மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது, யாரோ சொன்ன கிளீனரை ஓட்டுவது ஆகிய மூன்றும் அவற்றில் முதன்மையானவை. ஆகவே கீழே உள்ள படிகளை அவை தரப்பட்டிருக்கும் வரிசையிலேயே செய்ய வேண்டும். அவசரம் என்று முதல் படியைத் தாண்டிப் போகக் கூடாது.

இந்தப் பிழைகள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கின்றன என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. ஆனால் அதன் உள்ளே ஓடும் மடல், செய்திக்குழு நிரல்களின் வேர் அதற்கும் முந்தைய நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தில் இருக்கிறது. 2012இல் இதை உருவாக்கிய மொசில்லா இதில் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்த பின் சில ஆண்டுகள் தன்னார்வலர்களே இதைத் தாங்கிப் பிடித்தார்கள். 2020 ஜனவரியில்தான் இது எம்இசட்எல்ஏ டெக்னாலஜீஸ் என்ற துணை நிறுவனத்தின்கீழ் வந்து, நன்கொடையால் ஓரளவு நிமிர்ந்தது. 2023இல் வந்த 115ஆம் பதிப்பு முகத்தை மாற்றியது. அடித்தளத்தின் பல பகுதிகள் பழையவையாகவே தொடர்ந்தன. இதைச் சொல்வது மென்பொருளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. பழைய வீட்டில் எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம், எதில் அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது போலத்தான் இது.

முதல் படி: எதையும் தொடுமுன் புரொஃபைலை நகலெடுத்தல்

தண்டர்பேர்டு தன் உடைமைகள் அனைத்தையும் புரொஃபைல் என்ற ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறது. ஹெல்ப் மெனுவில் உள்ள ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷனைத் திறந்தால், புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்கு எதிரே அதைத் திறப்பதற்கான பொத்தான் இருக்கும். கோப்புறை இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை முழுமையாக மூடிவிட்டு, அதன் பிறகே அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுக்க வேண்டும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.

நகலெடுக்கும்போது நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் 4 ஜிபி அளவைத் தொடும் ஒரு தனிக் கோப்பை வைக்கவே முடியாது. பத்தாண்டு மடல் சேர்ந்த இன்பாக்ஸ் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். இடம் தாராளமாக இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி மறுக்கும்போது, பலர் அந்த ஒரு கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நகலெடுத்து முடித்துவிடுகிறார்கள். விடுபட்டது இன்பாக்ஸ். எனவே பென் டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொண்டு நகலெடுக்க வேண்டும். மாற்றும்போது அதில் ஏற்கெனவே உள்ளவை அழியும் என்பதால், அவற்றை முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

சேமித்து வைத்த கடவுச்சொற்களும் புரொஃபைலுக்குள்தான் இருக்கின்றன. பிரைமரி பாஸ்வேர்டு வைக்காத புரொஃபைலின் நகலை யார் கையில் கொடுத்தாலும், அவர் அதைத் தம் கணினியில் திறந்து உங்கள் கடவுச்சொல்லைப் படிக்க முடியும். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நகலைக் கணினி இருக்கும் அதே மேசையின் இழுப்பறையில் வைப்பதிலும் பொருளில்லை. 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்த கணினியும் அதன் அருகில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்த அலுவலகங்கள் உண்டு. ஒரு நகலாவது வேறு கட்டிடத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: கோளாறு எங்கே என்று பிரித்தறிதல்

மடல் மூன்று இடங்களைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது: சேவையாளரின் சர்வர், நம் ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்பு, அதை எடுத்துக் காட்டும் மென்பொருள். இவற்றில் எது பழுது என்று அறியாமல் கைவைப்பதால்தான் எரிச்சல் வளர்கிறது.

முதலில் அதே கணக்கை உலாவி வழியாகத் திறந்து பாருங்கள். அங்கே மடல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கும் இல்லையென்றால், கணக்கு ஐமேப் வகையா பாப் வகையா என்று பார்க்க வேண்டும். ஐமேப் கணக்கில் அசல் சர்வரில்தான் இருக்கிறது. கைபேசியில் ஒருவர் அழித்தால் அலுவலகக் கணினியிலும் அழியும். பாப் கணக்கில் மடல் இறங்கிய கணினியே அதன் வீடு. தண்டர்பேர்டு பாப் கணக்கை அமைக்கும்போது, மடலின் பிரதியைச் சர்வரில் 14 நாள் மட்டும் விட்டுவைக்கும்படி இயல்பாகவே அமைத்துக்கொள்கிறது. "பதினைந்து நாள் ஆனால் கைபேசியில் மெயில் மாயமாகிவிடுகிறது" என்று வரும் புகாருக்கு இதுவே காரணம். இதைப் பிழை என்று சொல்ல முடியாது. கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

உள்நுழைவே நடக்கவில்லை என்றால், சேவையாளர் விதி மாறியிருக்கக்கூடும். 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி மென்பொருள்கள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. பழைய கணினியில் பழைய அமைப்போடு இருந்த தண்டர்பேர்டு அன்றே ஊமையாகிவிட்டது. கணக்கின் அங்கீகார முறையை ஓஆத்2 (கூகுளின் உள்நுழைவுச் சாளரம் வழியே அனுமதி பெறும் முறை) என்று மாற்ற வேண்டும். ஐமேப்புக்கு ஒருமுறை, மடல் அனுப்பும் எஸ்எம்டிபி அமைப்புக்கு ஒருமுறை எனத் தனித்தனியே மாற்ற வேண்டும். மாற்றியும் கூகுளின் உள்நுழைவுச் சாளரம் சுற்றிக்கொண்டே இருந்தால், தண்டர்பேர்டின் பிரைவசி அமைப்பில் குக்கீ அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடல் மென்பொருளுக்குக் குக்கீ எதற்கு என்று அதை முடக்கி வைத்திருப்பவர்கள் பலர்.

அடுத்தது, கண்ணை ஏமாற்றும் வடிகட்டி. பட்டியலுக்கு மேலே உள்ள குயிக் ஃபில்டர் பட்டையில் "அன்ரெட்" என்பது அழுத்தப்பட்டு, அதன் அருகில் உள்ள குண்டூசிக் குறியும் அழுத்தப்பட்டிருந்தால், எந்தக் கோப்புறைக்குப் போனாலும் படித்த மடல்கள் தெரியாது. காணாமல் போன மடலைத் தேடிப் போய், கடைசியில் இந்தக் குண்டூசியை எடுத்துவிட்டு வந்த அலுவலகங்களை எண்ணி மாளாது.

இவை எதுவும் இல்லையென்றால், ஹெல்ப் மெனுவில் உள்ள ட்ரபுள்ஷூட் மோடில் மறுபடி தொடங்குங்கள். ஆட்-ஆன்கள் (நாம் கூடுதலாகச் சேர்த்த துணைநிரல்கள்) எல்லாம் ஒதுங்கிய நிலையில் கோளாறும் மறைந்தால், குற்றவாளி ஏதோ ஓர் ஆட்-ஆன். மறையவில்லை என்றால் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் இடையில் ஆன்டிவைரஸ் புகுந்து மடல் கோப்பைப் பூட்டி வைப்பதும் உண்டு. புரொஃபைல் கோப்புறையை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்தபின் பல "தண்டர்பேர்டு பிழைகள்" தாமாகவே அடங்கியிருக்கின்றன.

மூன்றாம் படி: கெட்ட பட்டியலைச் சரிசெய்தல்

புரொஃபைலுக்குள் மெயில், ஐமேப்மெயில், நியூஸ் என்று மூன்று கோப்புறைகள் இருக்கும். பாப் கணக்குகளும் லோக்கல் ஃபோல்டர்களும் மெயிலுக்குள் இருக்கின்றன. உள்ளே சென்றால் இன்பாக்ஸ் என்ற பெயரில் பின்னொட்டு இல்லாத ஒரு பெரிய கோப்பும், அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு ஒரு சிறிய கோப்பும் தெரியும். பெரியது எம்பாக்ஸ் முறையில் மடல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த எழுத்துக்கோப்பு. சிறியது, எந்த மடல் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல். பட்டியல் குழம்பினால் இன்பாக்ஸ் வெறுமையாகத் தெரியும். தலைப்பு ஒன்றைச் சொடுக்கினால் வேறு மடல் திறக்கும். அல்லது பாதி மடல் மட்டும் வரும்.

பெரிய கோப்பின் அளவைப் பாருங்கள். பல நூறு எம்பி இருந்தால் மடல் உள்ளே இருக்கிறது. தண்டர்பேர்டில் அந்தக் கோப்புறையின் மேல் வலது சொடுக்கிட்டு, பிராப்பர்ட்டீஸ் சென்று, ரிப்பேர் ஃபோல்டர் என்பதை அழுத்தினால் பட்டியல் புதிதாக எழுதப்படும். அது பயன்தராவிட்டால், மென்பொருளை மூடிவிட்டு, எம்எஸ்எஃப் பின்னொட்டுள்ள அந்தச் சிறு கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறக்கலாம். பின்னொட்டில்லாத பெரிய கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. மடல்கள் தெரிகின்றன, தேடினால் மட்டும் கிடைக்கவில்லை என்றால் கெட்டது வேறொரு கோப்பு: புரொஃபைலில் குளோபல்-மெசேஜஸ்-டிபி என்று தொடங்கும் தேடல் தரவுத்தளம். அதை நகர்த்திவிட்டால் தண்டர்பேர்டு தானே புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும். பெரிய புரொஃபைலில் அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பாப் கணக்கிலோ லோக்கல் ஃபோல்டரிலோ ஒரு மடலை அழித்துக் குப்பையையும் காலி செய்த பிறகும், அந்த மடல் எம்பாக்ஸ் கோப்பிலிருந்து உடனே போவதில்லை. மடலின் தலையில் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் உள்ள நான்கு இலக்க எண்ணில் அழிக்கப்பட்டதற்கான குறி ஏற்றப்படுகிறது, அவ்வளவுதான். படித்துவிட்டு வைத்திருக்கும் சாதாரண மடலில் அது 0001 என்று இருக்கும். படித்து அழித்த மடலில் 0009 என்று இருக்கும். ஆகவே ஆடிட்டர் அலுவலகத்தில் தவறி அழிக்கப்பட்ட மடலை மீட்க வேண்டுமானால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, கோப்பின் நகலைப் பெரிய கோப்புகளைத் தாங்கும் ஓர் எழுத்துத் தொகுப்பானில் திறந்து, அனுப்புநர் பெயரைக் கொண்டு மடலைத் தேடிப் பிடித்து, 0009 என்பதை 0001 என்று திருத்திச் சேமித்து, எம்எஸ்எஃப் கோப்பை நகர்த்திவிட்டுத் திறந்தால் மடல் மீண்டும் பட்டியலில் வந்து நிற்கும். கோப்புறை காம்பாக்ட் செய்யப்படும் வரைதான் இந்த வாய்ப்பு. காம்பாக்ட் என்பது அழிக்கப்பட்டவற்றை உண்மையாகவே வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சியவற்றை மட்டும் புதுக் கோப்பாக எழுதும் வேலை.

அந்தக் காம்பாக்ட் வேலைதான் பல பயனர்களின் கோபத்துக்கும் மூலம். புதுக் கோப்பு எழுதி முடியும் வரை பழையதும் இருக்க வேண்டும் என்பதால், கோப்புறையின் அளவுக்காவது காலியிடம் தேவை. நடுவில் மின்சாரம் போனால், என்எஸ்டிஎம்பி என்று தொடங்கும் பெயரில் அரைகுறைக் கோப்புகள் மிஞ்சும். அடுத்த முறை திறக்கும்போது அவை கோப்புறைகள் போலப் பக்கப்பட்டையில் தோன்றிப் பயமுறுத்தும். அவற்றில் உள்ள மடல்கள் அசல் கோப்புறையிலும் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே அழிக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாத கணினியில், மழையும் மின்வெட்டும் உள்ள ஐப்பசி கார்த்திகை மாதங்களில், "காம்பாக்ட் செய்யலாமா" என்று தண்டர்பேர்டு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே என் பழக்கம். காலியிடம் தாராளமாக இருக்கும் நாளில், வேறு வேலை ஓடாத நேரத்தில், கோப்புறை கோப்புறையாகச் செய்துகொள்ளலாம்.

ஒரே இன்பாக்ஸில் எல்லாவற்றையும் குவிக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். நிதியாண்டு வாரியாக லோக்கல் ஃபோல்டர்களை உண்டாக்கி மடல்களைப் பிரித்து நகர்த்தினால், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்ற மெயில்டிர் முறையும் அமைப்புகளில் தெரியும். அது இன்னும் சோதனை நிலையிலேயே இருப்பதால் தொழில் நடக்கும் கணினியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: தமிழ் எழுத்து உடைவது

தமிழில் தலைப்பிட்டு அனுப்பிய மடல் மறுமுனையில் இரண்டு மூன்று கேள்விக்குறி வைரங்களோடு (கேள்விக்குறியைத் தாங்கிய வைர வடிவக் குறிகள்) போய்ச் சேரும். பெரும்பாலும் உடனே எழுத்துருவைத்தான் குறை சொல்வோம். எழுத்துரு இதில் நிரபராதி. மடல் தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் வந்தால், ஆர்எஃப்சி 2047 என்ற நெறி சொல்லும்படி அவை குறியேற்றப்பட்ட துண்டுகளாக மாற்றி அனுப்பப்பட வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது. எந்த எழுத்தின் நடுவிலும் துண்டு முறியக் கூடாது. துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் அடையாளங்கள் 12 எழுத்தைப் பிடித்துக்கொண்டால், மிச்ச இடத்தில் பேஸ்64 முறையில் (பைட்டுகளைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாக மாற்றும் முறை) 45 பைட்டு மட்டுமே அடங்கும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளியும் (எழுத்துக்கோ அதன் துணைக்குறிக்கோ யூனிகோடு தரும் தனி எண்) 3 பைட்டு எடுக்கும்.

"திருநெல்வேலி கூட்டம்" என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். "திருநெல்வேலி" என்பதில் 12 குறிப்புள்ளிகள், 36 பைட்டு. இடைவெளிக்கு ஒரு பைட்டு, ஆக 37. "கூ" என்பது ககரமும் துணைக்குறியுமாக இரண்டு குறிப்புள்ளி, ஆக 43. அடுத்து வரும் டகரத்துக்கு 44, 45, 46 ஆகிய மூன்று பைட்டும் வேண்டும். நெறியை மதிக்கும் மென்பொருள் 43இலேயே துண்டை முடித்துக்கொண்டு டகரத்தை அடுத்த துண்டுக்கு அனுப்பும். நெறியைப் பாராமல் 45இல் வெட்டும் மென்பொருள் டகரத்தைப் பிளந்துவிடும். பெறுபவர் திரையில் "கூ"வுக்குப் பின் வைரங்கள் தோன்றும். இடைவெளியே இல்லாத தமிழ்த் தலைப்பு தப்பிப்பதும் (45 மூன்றால் வகுபடும் என்பதால்), இடைவெளியோ ஆங்கில எண்ணோ கலந்த தலைப்பு மட்டும் உடைவதும் இதனால்தான். மடலைத் திறந்து கண்ட்ரோலையும் யு விசையையும் சேர்த்து அழுத்தினால் மூலவடிவம் தெரியும். துண்டு அங்கேயே பிளந்திருந்தால் பிழை அனுப்பியவரின் மென்பொருளில். சரியாக இருந்தால் பிழை உங்கள் பக்கத்தில். யாரிடம் புகார் சொல்வது என்பது இதைக் கொண்டே முடிவாகும்.

மடலின் உடலில் இதே வகைக் கோளாறு வேறு உருவில் வரும். மின்னஞ்சல் நெறிப்படி ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது ஏறக்குறைய 332 குறிப்புள்ளிகள். நீளமான ஒரு பத்திக்குப் போதாது. தானியங்கி மடல் அனுப்பும் சிறு நிரல்கள் பத்தி முழுவதையும் ஒரே வரியாக அனுப்பிவிட, வழியில் உள்ள பழைய சர்வர் வரியை நடுவில் வெட்டிவிடும். சிலவேளை வெட்டிய இடத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் முளைத்திருக்கும். அனுப்பும் நிரலில் பேஸ்64 அல்லது கோட்டட்-பிரின்டபிள் குறியேற்றத்தை இயக்கினால் தீர்ந்தது.

யூனிகோடு பரவுமுன் டிஸ்கி முறையில் எழுதப்பட்ட மடல்கள் பேராசிரியர்களிடம் நிறைய உண்டு. அவை இன்று ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். வியூ மெனுவில் உள்ள ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் என்பது, குறியேற்றத்தின் பெயர் தவறாகக் குறிக்கப்பட்ட மடல்களுக்குத்தான் உதவும், டிஸ்கிக்கு உதவாது. உள்ளடக்கத்தை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடுக்கு மாற்றிப் படிப்பதே வழி. அசலை அழித்துவிட வேண்டாம். மாற்றிகளும் தவறு செய்யும்.

ஐந்தாம் படி: செய்திக்குழுக்கள்

சாக்.கல்ச்சர்.தமிழ் போன்ற யூஸ்நெட் குழுக்களை (மடல் வடிவில் நடக்கும் பொது விவாதக் குழுக்கள்) கூகுள் குரூப்ஸ் வழியாகப் படித்துவந்தவர்களுக்கு 2024 பிப்ரவரி 22 அன்று அந்தக் கதவு மூடியது. பழைய மடல்களை அங்கே தேடிப் படிக்கலாம், புதியவை சேர்வதில்லை. இனி என்என்டிபி (செய்திக்குழு மடல்களைப் பரிமாறும் நெறி) சர்வர் ஒன்றில் பதிந்துதான் படிக்க வேண்டும். எடர்னல் செப்டம்பர் என்ற சர்வர் இலவசமாகப் பதிவு தருகிறது. மென்பொருள் திட்டங்களின் மடற்குழுக்களைச் செய்திக்குழு வடிவில் படிக்க விரும்புபவர்களுக்கு ஜிமேன் இருக்கிறது. தண்டர்பேர்டில் நியூஸ்குரூப் கணக்கைச் சேர்க்கும்போது, பாதுகாப்பான இணைப்புக்கு 563 என்ற போர்ட்டைக் கொடுங்கள். 119 மறைக்குறியீடு இல்லாதது.

குழுப் பட்டியல் வெறுமையாக வந்தாலோ, இருக்கும் குழுவையே இல்லை என்று சர்வர் சொன்னாலோ, சர்வர் செட்டிங்ஸில் இணையும்போதே அங்கீகாரம் கேட்கும்படி உள்ள டிக்கைப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்தவர்களுக்கு மட்டும் குழுக்களைக் காட்டும் சர்வர்களில் இது இல்லாமல் ஒன்றும் நகராது.

செய்திக்குழுப் பிழைகளில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது நியூஸ்ஆர்சி என்ற சிறு கோப்பு தொடர்பானது. எந்தக் குழுவில் எந்த எண் வரை படித்தாயிற்று என்பதை அது ஒரே வரியில் வைத்திருக்கும்: குழுவின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு 1-5320 என்பது போல ஓர் எண் வரிசை. இந்த எண்களை ஒவ்வொரு சர்வரும் தன் போக்கில் இடுகிறது. ஒரே மடலுக்கு ஒரு சர்வரில் 5320, இன்னொன்றில் 812 என்று இருக்கும். பழைய கோப்பை வைத்துக்கொண்டு கணக்கின் சர்வர் பெயரை மட்டும் மாற்றினாலோ, சர்வரை நடத்துபவர்கள் எண்களைப் புதிதாகத் தொடங்கினாலோ, புதிய மடல் 813ஆம் எண்ணோடு வரும். 5320 வரை படித்தாயிற்று என்று கோப்பு சொல்வதால், அது வரும்போதே படித்ததாகக் குறிக்கப்பட்டு மறைந்துவிடும். குழு செத்துவிட்டது என்று நினைத்து விட்டுப் போனவர்கள் பலர். தண்டர்பேர்டை மூடி, அந்த வரியில் முக்காற்புள்ளிக்குப் பின் உள்ள எண்களை நீக்கி, குழுவின் எம்எஸ்எஃப் கோப்பையும் நகர்த்திவிட்டுத் திறந்தால் குழு உயிர்பெறும். சர்வரை மாற்றுவதாக இருந்தால் பழைய கணக்கின் பெயரைத் திருத்தாமல் புதிய கணக்காகச் சேர்ப்பதே நல்லது.

செய்திக்குழுவே முதன்மை என்றால் தண்டர்பேர்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. லினக்ஸில் பான் என்ற மென்பொருள் அதற்கென்றே செய்யப்பட்டது. மடலுக்கு மாற்றுத் தேடுபவர்களுக்கு கிளாஸ் மெயில் இருக்கிறது. ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்று வைப்பதால் பெருங்கோப்பு கெடும் பயம் அதில் இல்லை. அலங்கார வடிவில் மடல் எழுதவும் அதில் வழியில்லை. கேமெயில் என்ற இன்னொரு மடல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் "கோப்புறையின் உள்ளடக்கம் பெறப்படுகிறது" என்ற செய்தியோடு திரை உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அங்கே கோளாறு கேமெயிலுக்கு அடியில் ஓடும் அகோனாடி என்ற சேவையில் இருக்கிறது. அகோனாடிசிடிஎல் கட்டளையைக் கொண்டு அதை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் விட்டுவிடும். எல்லா மடல் மென்பொருள்களும் மோசம், இது கொஞ்சம் குறைவான மோசம் என்று மட் என்ற மென்பொருள் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறது. இத்துறையில் இதைவிட நேர்மையான விளம்பரம் கண்ணில் பட்டதில்லை.

ஆறாம் படி: பிழையை முறையாகத் தெரிவித்தல்

மேற்கண்டவை எதற்கும் அடங்காத கோளாறு உண்மையான பிழையாக இருக்கலாம். அதைத் தெரிவிக்கும் இடம் மொசில்லாவின் பக்ஜில்லா. 1998 முதல் பொதுவில் இருக்கும் பிழைப் பதிவேடு அது. முதலில் அங்கே தேடுங்கள். மூடப்பட்ட பதிவுகளையும் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பிழை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், சிலவேளை பதினைந்து ஆண்டுகளாக. அப்படியானால் "எனக்கும் இதே" என்று எழுதுவதால் பயனில்லை. அந்தப் பதிவில் இல்லாத ஒரு தகவல் உங்களிடம் இருந்தால் மட்டும் சேர்க்கவும்.

புதிதாகப் பதிய வேண்டியிருந்தால், முதலில் ஒரு வெற்றுப் புரொஃபைலை உண்டாக்கி, அதில் கோளாறை மறுபடி நிகழ்த்திக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் அலுவலகப் புரொஃபைலில் மட்டும் நிகழும் பிழையை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. பதிவில் மூன்று பகுதிகள் தெளிவாக இருக்க வேண்டும்: என்னென்ன செய்தால் நிகழ்கிறது, என்ன நிகழ்ந்தது, என்ன நிகழ்ந்திருக்க வேண்டும். "தமிழ் வேலை செய்யவில்லை" என்ற தலைப்பை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். "இடைவெளியோடு கூடிய தமிழ்த் தலைப்பு குறியேற்றப்படும்போது எழுத்தின் நடுவில் துண்டாகிறது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால், அந்த ஒரு வரியிலேயே வேலை தெரிந்தவருக்கு இடம் புரிந்துவிடும்.

தமிழ் தொடர்பான பிழையைப் படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. சரியான சொல்லும் உடைந்த சொல்லும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே இரண்டின் ஸ்கிரீன்ஷாட்களையும் அருகருகே வைத்து, உடையும் எழுத்தைச் சுற்றி வட்டமிட்டு, அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணையும் குறிப்பிட்டு, சோதனை மடலை இஎம்எல் கோப்பாகச் சேமித்து இணையுங்கள். பக்ஜில்லாவில் இடுவது உலகம் முழுவதும் தெரியும். வாடிக்கையாளரின் பான் எண்ணும் கைபேசி எண்ணும் உள்ள அசல் மடலை இணைக்காமல், இதற்கென்றே ஒரு மடல் எழுதி அதை இணைக்க வேண்டும்.

இணைப்பு தொடர்பான பிழையென்றால் பதிவுக்குறிப்பும் (லாக்) கேட்பார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எரர் கன்சோல் திறக்கும். செய்திக்குழுவின் உரையாடலை முழுதாகக் காண, அமைப்புகளின் அடியில் உள்ள கான்ஃபிக் எடிட்டரில் லாக்லெவல் என்று ஆங்கிலத்தில் தேடி, என்என்டிபி என்ற பெயருள்ள வரியின் மதிப்பை "ஆல்" என்று மாற்ற வேண்டும். கிடைக்கும் குறிப்பை அனுப்புமுன் ஒருமுறை வரிவரியாகப் படித்து, கடவுச்சொல்லும் முகவரிகளும் தப்பி நுழைந்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

பழைய பதிப்பில் சரியாக இருந்து புதியதில் கெட்டிருந்தால், எந்தப் பதிப்பில் தொடங்கியது என்பதுதான் நீங்கள் தரக்கூடிய மிக மதிப்புள்ள தகவல். மொஸ்ரிக்ரெஷன் என்ற கருவி பழைய தினசரிப் பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கித் திறந்து காட்டும். நல்லது, கெட்டது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்தால், பாதி பாதியாகக் குறைத்துக் கோளாறு புகுந்த நாளைப் பிடித்துத் தரும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கடினம்.

பதிவுக்கு வரும் முடிவுகளைப் பார்த்து மனம் கோணக் கூடாது. டூப்ளிகேட் என்றால் முன்பே பதியப்பட்டது. ஒர்க்ஸ்ஃபார்மி என்றால் அவர்கள் கணினியில் நிகழவில்லை; படிகளை இன்னும் துல்லியமாகத் தர வேண்டும். இன்வேலிட் என்பது வசை அல்ல, மென்பொருள் நினைத்தபடியே நடக்கிறது என்பதுதான் பொருள். வோன்ட்ஃபிக்ஸ் என்று வந்துவிட்டால் வாதாடுவதில் பலனில்லை. மாற்று வழியையோ மாற்று மென்பொருளையோ பார்க்க வேண்டியதுதான்.

திருத்தம் வரும் வரை அலுவலகக் கணினியில் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரையே வைத்துக்கொள்ளுங்கள்; மாதந்தோறும் மாறும் பதிப்பு வீட்டுக் கணினிக்கு ஆகும். வருமான வரி ரிட்டர்ன் குவியும் ஜூலை மாதத்தில் எந்தப் பதிப்புக்கும் தாவ வேண்டாம். புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும் என்பதால், மேம்படுத்துமுன் எடுத்த நகலின் பெயரில் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதி வையுங்கள். திருத்தம் பீட்டா பதிப்பில் வந்துவிட்டதாகப் பக்ஜில்லாவில் குறிப்பு வந்தால், பீட்டாவைத் தனிப் புரொஃபைலோடு நிறுவி, அதே படிகளைச் செய்து பார்த்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று அந்தப் பதிவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி வராமல் மூடப்படாமலே கிடக்கும் பதிவுகள் அங்கே ஏராளம்.